ரீல் டப்பாவும் பட்டாளத்து வண்டியும்

திருக்கழுக்குன்றம்
6-2-1956

அன்புள்ள கண்ணகிக்கு எல்லப்பன் எழுதிக்கொண்டது. இங்கு நான் சுகம். அங்கே ஆராயி அத்தையும் உலகநாதன் மச்சானும் உன் அண்ணியும் சுகமாக இருக்க வேதகிரீசுவரரை வேண்டுகிறேன்.

இது மூன்றாவது கடிதம். முந்தின இரண்டும் வந்து சேரவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். சேர்ந்தும் நீ பதில் போடவில்லை என்று நினைக்க மனம் வரவில்லை. அம்மா வீட்டுக்குப் போன பெண்ணுக்குப் புருஷன் ஞாபகம் வராது என்று ஊரில் கேலி பேசுகிறார்கள்; பேசிவிட்டுப் போகட்டும்.

சேதிக்கு வருகிறேன். சினிமாக் கொட்டகை முதலாளி அருணகிரி போன வாரம் கூப்பிட்டு அனுப்பினார். "இன்னா எல்லப்பா, ஒரே படத்த ரெண்டு கொட்டாயில ஓட்டறது வாடகை மிச்சம் புடிக்கத்தான். நீ லேட்டா வந்துகினு இருந்தா மாவலிவரத்துல பெஞ்ச ஒடைக்கிறானுங்க. மிச்சம் அதுக்கே போவுது" என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. திருக்கழுக்குன்றத்தில் ஓடி முடிந்த ரீல் மாமல்லபுரம் போய்ச் சேர்வதற்குள் அங்கே கையில் இருப்பது தீர்ந்துவிடுகிறது. காஞ்சிபுரத்துக்காரன் ஒருவன் புது மோட்டார் சைக்கிளோடு வந்து, இந்த வேலையை எனக்குக் கொடுங்கள் என்று நிற்கிறானாம். பங்குனி பிறக்கிற வரைக்கும் எனக்குத் தவணை. அதற்குள் வண்டி பறக்கவில்லையென்றால் நான் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

செங்கல்பட்டு வரதன் பட்டறையில் நம் பழைய மோட்டார் சைக்கிளைக் காட்டினேன். தலையிலிருந்து வால் வரை தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாத்த, இது பட்டாளத்துக் குதிர. சண்டையில மூட்ட சொமந்து சொமந்து ஓட மறந்துட்ச்சி. நான் ஓட வைக்கிறேன்" என்றான். மூன்று வழி சொல்கிறான். எஞ்சின் ஹெட்டைச் சீவி, மேடு வைத்த புது பிஸ்டன் போட்டு அமுக்கத்தை ஏற்றுவது ஒன்று. பெரிய வண்டியிலிருந்து கழற்றிய கார்பரேட்டர் ஒன்று வைத்திருக்கிறான், அதை மாட்டுவது இன்னொன்று. செயின் மாட்டுகிற முன் பல்சக்கரத்தை மாற்றுவது மூன்றாவது. கையில் இருக்கிற பணத்துக்கு மூன்றில் ஒன்றுதான் செய்ய முடியும். நான் பிஸ்டன்தான் என்று தீர்மானித்திருக்கிறேன். வரதனுடைய கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது அதைச் சொன்னபோது.

டப்பாக்களை இப்போது பின் கேரியரில் வைக்கோல் பரப்பிக் கயிற்றால் கட்டிக்கொண்டு போகிறேன். குலுங்குகிறது. ரீலில் கீறல் விழுந்து படத்தில் மழை பெய்கிறது என்று ஆபரேட்டர் திட்டுகிறான். நீ மடியில் வைத்துக்கொண்டு வந்ததுபோல் வராது.

எப்போது வருகிறாய்? பதில் போடு.

இப்படிக்கு
எல்லப்பன்


நெம்மேலி
11-2-1956

மாமாவுக்குக் கண்ணகி வணக்கம்.

மூன்று கடிதமும் வந்தன. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டன் வேண்டாம். ஒன்றரை வருஷம் பின்னால் உட்கார்ந்து வந்தவளுக்கு அந்த வண்டி எங்கே மூச்சு வாங்குகிறது என்று தெரியாதா? சமதரையில் அது நன்றாகத்தான் ஓடுகிறது. கால்வாய்ப் பாலத்து ஏற்றத்தில்தான் முனகும். நீங்கள் கியரைக் கீழே போட்டு, மறுபடி மேலே போட்டு, அது மனசு தேறி ஓடுவதற்குள் மாமல்லபுரமே வந்துவிடும். நேரம் போவது அங்கே. முன் பல்சக்கரத்தைச் சின்னதாகப் போட்டால் இழுவை வரும் என்று வரதனே போன வருஷம் சொன்னான். அவனுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது, இல்லையென்றால் பிஸ்டனில் லாபம் அதிகமோ என்னவோ.

அமுக்கத்தை ஏற்றினால் நம் பங்க் பெட்ரோலுக்கு எஞ்சின் தட்டும். அன்றைக்கு ஒரு நாள் மட்டமான பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தபோது தகர டப்பாவுக்குள் கூழாங்கல் போட்டு ஆட்டின மாதிரி கேட்டதே, அந்தச் சத்தம். முதலில் பிரேக்குக்குப் புதுக் கட்டை போடுங்கள். ஓட வைப்பதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், நிற்க வைப்பதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

இதையெல்லாம்விடச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. மாமல்லபுரத்தில் ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன் இரண்டு பாட்டு ரிக்கார்டு கூடப் போடச் சொல்லுங்கள். கால் மணி கிடைக்கும்.

அண்ணன் சொல்வதையும் சொல்லிவிடுகிறேன். "வண்டிய வித்துட்டு வரட்டும், அனுப்பறேன். அது வரைக்கும் இவ இங்கதான் கீறா" என்கிறார். படகில் சவுக்குக் கட்டை ஏற்றும்போதுகூட அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கண்ணகி


திருக்கழுக்குன்றம்
17-2-1956

அன்புள்ள கண்ணகிக்கு,

கடிதம் கண்டு சந்தோஷம். எட்டாவது வரை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், முத்து முத்தாக எழுதுவாய் என்று கல்யாணத்தின்போது உன் அப்பா பெருமை அடித்துக்கொண்டாரே! இப்போது கோழி கிளறினதுபோல் இருக்கிறது. நெம்மேலிக் காற்றில் படிப்பு மறந்துவிட்டதா?

கோபிக்காதே. பிஸ்டன் போட்டுவிட்டேன். உன் கடிதம் வந்த அன்று வண்டி வரதன் பட்டறையில் பிரித்துக் கிடந்தது, இனி என்ன செய்வது? ஆனால் நீ பார்க்க வேண்டும். செங்கல்பட்டிலிருந்து வீட்டுக்கு வந்த வரவு இருக்கிறதே, ஏரிக்கரையில் ஒரு பஸ்ஸை முந்தினேன். டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். இரண்டு வருஷமாக எனக்குப் புழுதி கொடுத்தவன், அன்றைக்கு அவன் என் புழுதியைத் தின்றான். பிறவி எடுத்ததற்கு ஒரு நாள் போதும்.

ஏற்றத்தில் கொஞ்சம் தட்டுகிறது. வரதன் பழகினால் போய்விடும் என்கிறான்.

ரிக்கார்டு போடச் சொல்வதைப் பற்றி முதலாளியிடம் எப்படிக் கேட்பது? என்னால் முடியவில்லை, அதனால் உங்கள் ஆட்டத்தைத் தள்ளி வையுங்கள் என்று நானே போய்ச் சொல்வதா? மானம் போய்விடும்.

மச்சான் வண்டியை விற்கச் சொல்வது அவருக்கு எளிது. வண்டி போனால் எனக்கு என்ன தொழில்? அன்றைக்கு வண்டிக்கு இந்த வேகம் இருந்திருந்தால் நாம் அவசரப்பட்டிருக்க வேண்டாம். அவசரப்படாமல் இருந்தால் மதகுப் பக்கத்தில் சறுக்கியிருக்காது. நீயும் இங்கேயே இருந்திருப்பாய். அதனால்தான் இதையெல்லாம் செய்கிறேன். உனக்குப் புரியவில்லையா?

எல்லப்பன்


நெம்மேலி
22-2-1956

மாமாவுக்கு,

கோழி கிளறின எழுத்து என்று கேலி செய்தீர்கள். வலது கை மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறது. இந்தக் கடிதமும் இதற்கு முந்தியதும் இடது கையால் எழுதினது.

நான்கு கடிதம் போட்டுவிட்டீர்கள். பிஸ்டன் எப்படி இருக்கிறது, கார்பரேட்டர் எப்படி இருக்கிறது, பஸ் டிரைவர் முகம் எப்படி இருந்தது எல்லாம் தெரிந்துகொண்டேன். உன் கை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. கடிதம் வரும்போதெல்லாம் அண்ணி கேட்பாள், "இன்னா எய்தியிருக்காரு?" என்று. வேலை விஷயம் என்று சொல்லி மடித்து வைத்துவிடுவேன்.

விழுந்ததற்காக நான் அம்மா வீட்டுக்கு வரவில்லை. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் விழத்தான் செய்வார்கள். ஊரில் எத்தனை பேர், பொம்பளை புருஷன் பின்னால் வண்டியில் போகிறாள் என்று வாய் கூசாமல் பேசினார்கள்! அதற்கெல்லாம் நான் அஞ்சினேனா? பொழுது சாய்ந்தால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

மதகோரம் சறுக்கிக் கீழே விழுந்தோம். நீங்கள் எழுந்தீர்கள். எழுந்து முதலில் டப்பாவிடம் ஓடினீர்கள். மூடி திறந்திருக்கிறதா என்று பார்த்தீர்கள். மண்ணை ஊதினீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "பின்னால ஒரு மாட்டு வண்டி வர்து, அதுல ஏறி வூட்டுக்குப் போ, நான் இத்த குடுத்துட்டு வந்துடறேன்" என்றீர்கள். போய்விட்டீர்கள். அந்த வண்டிக்காரர் யாரோ, எவரோ. அவர்தான் தலைத்துண்டை அவிழ்த்து என் கையைத் தொட்டில்போல் கட்டினார். வழியெல்லாம் "ஊட்டுக்காரரு எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

வண்டியை எத்தனை வேகமாக வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். அது என்னை அந்த இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு வராது.

கண்ணகி


திருக்கழுக்குன்றம்
27-2-1956

கண்ணகிக்கு,

உன் கடிதத்தை வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் படித்தேன். படித்துவிட்டு அன்றைக்கு எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லாம் எழுதினாய், ஒன்றை மட்டும் ஏன் விட்டுவிட்டாய்? மண்ணில் கிடந்தபடியே "டப்பா, டப்பா, டப்பாவப் பாருங்க" என்று கத்தினது யார்? நீதானே? அதைக் கேட்டுத்தான் நான் அந்தப் பக்கம் ஓடினேன். அங்கே கொட்டகை நிறைய ஜனம். ரீல் வராவிட்டால் கீற்றைப் பிய்ப்பார்கள். ஆபரேட்டரை அடிப்பார்கள். நீ எழுந்து உட்கார்ந்துவிட்டாய், பேசினாய், கை உடைந்தது எனக்கு எப்படித் தெரியும்? வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாயா?

ராத்திரி வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஆட்கள், கையில் அடி என்று, ஊருக்கு வந்திருந்த உன் அண்ணன் உன்னைக் கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். மறுநாள் நெம்மேலிக்கு வந்தேனே, அது உனக்குத் தெரியுமா? மச்சான் சவுக்குத் தோப்பு ஓரத்திலேயே நிறுத்திவிட்டார். "இப்ப இன்னாத்துக்கு வந்த? ரீலு எதாவது இங்க வுட்டுட்டியா?" என்றார். நான் அப்படியே திரும்பிவிட்டேன். அந்தப் பேச்சுக்குப் பிறகு கையைப் பற்றிக் கேட்க எனக்கு எந்த மூஞ்சி இருக்கிறது? வண்டியைப் பற்றி எழுதத்தான் வருகிறது. எழுதினேன். அடிபட்டது எழுதுகிற கை என்று தெரிந்திருந்தால் எழுத்தைக் கேலி செய்திருப்பேனா?

எஞ்சின் இப்போது அதிகமாகத் தட்டுகிறது. ஏற்றத்தில் சூடேறிப்போகிறது.

எல்லப்பன்


நெம்மேலி
3-3-1956

மாமாவுக்கு,

நீங்கள் தோப்பு வரைக்கும் வந்தது எனக்குத் தெரியாது. அண்ணனைக் கேட்டேன். "ஆமா வந்தான், போய்ட்டான்" என்றார். மூன்று நாள் அவருக்குச் சோறு போடும்போது நான் முகம் கொடுக்கவில்லை.

நான் டப்பா என்று கத்தினது நிஜம்தான். ஒன்றரை வருஷம் மடியில் வைத்துக் காத்தது, வாயில் அதுதான் வந்தது. இத்தனை நாள் நான் சொன்னது எதைக் கேட்டீர்கள்? பிரேக் கட்டை போடுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன், கேட்டீர்களா? அன்றைக்கு மட்டும் பெண்டாட்டி பேச்சு வேதவாக்காகிவிட்டதா?

தட்டுகிற எஞ்சினை ஓட்டாதீர்கள். இதையாவது கேளுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை அண்ணி படம் பார்க்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். அண்ணன் வண்டி கட்டுகிறார். மாமல்லபுரம் கொட்டகைக்கு எல்லாருமாகப் போகிறோம், என்னையும் இழுக்கிறாள். நீங்கள் ரீல் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். அண்ணன் எதிரில் வந்து பேசி வம்பு வளர்க்க வேண்டாம்.

கண்ணகி


திருக்கழுக்குன்றம்
11-3-1956

அன்புள்ள கண்ணகிக்கு,

வெள்ளிக்கிழமை நடந்ததை நீ கொட்டகைக்குள் இருந்து பார்த்தாய். வெளியே நடந்ததை நான் சொல்கிறேன்.

முதல் நடைகள் ஒழுங்காகத்தான் போயின. கடைசி ரீல்களை எடுத்துக்கொண்டு வரும்போது, நீ இருக்கிறாய் என்று தெரிந்ததால், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் முறுக்கினேன். உன் எதிரில் நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்று ஒரு ஆசை. பூஞ்சேரிக்கு ரொம்ப முன்னாலேயே கூழாங்கல் சத்தம் பலமாகக் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. சூட்டில் பிஸ்டன் போய் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வண்டி குறுக்கே திரும்பி நின்றது. விழவில்லை. கிளட்சைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தேன்.

உதைத்துப் பார்த்தேன், ஸ்டார்ட்டர் அசையவில்லை. பனைமரத்தடியில் தள்ளி விட்டுவிட்டு டப்பாவைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன். எப்போது செருப்பு கழன்றது என்று தெரியாது. பாலத்தின் மேல் ஏறும்போதே கொட்டகைச் சத்தம் கேட்டது. கீற்றைப் பிய்க்கிறார்கள் என்று எதிரே வந்தவன் சொன்னான்.

வாசலில் ஆபரேட்டர் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். கொடுக்கத்தான் போனேன். பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்றியிருந்தார்கள். பெண்கள் பக்கம் தடுப்பை ஒட்டி நீ நின்றுகொண்டிருந்தாய். கையில் கட்டு. நான் அந்தக் கட்டை அதுவரை பார்த்ததே இல்லை. என் கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. டப்பாவை இறக்கக்கூடத் தோன்றவில்லை. "கை எப்பிடி கீது?" என்று கேட்டேன். கொட்டகையே சிரித்தது. "யோவ், குடும்பத்த அப்பறமா பேசு, ரீலப் போடுய்யா" என்று எவனோ கத்தினான். ஆபரேட்டர் என் இடுப்பைப் பிடித்து இழுத்தான். நீ பதில் சொல்கிற வரைக்கும் கொடுப்பதில்லை என்று நின்றேன்.

நீ, "மொதல்ல டப்பாவக் குடுங்க" என்றாய்.

கொடுத்துவிட்டேன். திரும்பினால் மச்சான் உன் முன்னால் வந்து நின்றிருந்தார். படம் விட்டதும் வண்டியேறிப் போய்விட்டீர்கள். நீ சொன்னது கோபத்திலா, வேறு எதனாலா என்று இரண்டு நாளாக எண்ணி எண்ணிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

மற்ற சேதி. முதலாளி மறுநாள் வந்தார். பிய்ந்த கீற்றைச் சுற்றிப் பார்த்தார். நானே வாய் திறந்து, மாமல்லபுரத்தில் கால் மணி தள்ளி ஆரம்பித்தால் போதும், இரண்டு ரிக்கார்டு போடுங்கள் என்று சொன்னேன். மானம் ஒன்றும் போகவில்லை. "இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா கேடு ஒனக்கு?" என்று கத்தினார். என் பெண்டாட்டி சொன்னது என்று சொன்னேன். வண்டியைச் சரிசெய்துகொண்டு வா என்றார். காஞ்சிபுரத்துக்காரனுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறார், அதையும் மறைக்கவில்லை.

சிலிண்டரைக் கடைந்து சாதாரண பிஸ்டனே போட வேண்டும். அது போக மிச்சத்தில் இன்னும் ஒன்று செய்யலாம். மச்சான் சொல்கிறபடி இருக்கிற நிலையிலேயே இரும்புக்குப் போட்டாலும் போடலாம். இந்தத் தடவை நீ சொல்கிறபடி செய்கிறேன். பிறகு கடிதம் போடாவிட்டாலும் இதற்கு மட்டும் பதில் போடு.

எல்லப்பன்


நெம்மேலி
14-3-1956

மாமாவுக்கு,

கையில் இருந்த ரீல் தீர்ந்து திரை வெள்ளையாகிப்போனதும் எல்லாரும் விசில் அடித்தார்கள். அண்ணி, "இன்னா ஆச்சி, கதாநாயகி வெஷத்தக் குடிச்சிட்டாளா இல்லியா?" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். எனக்குக் காதில் விழவில்லை. ரீல் வரவில்லையென்றால் ரோட்டில் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் கொட்டகையில் எனக்கு மட்டும்தான் தெரியும். மதகு கண்ணுக்கு எதிரில் வந்தது. ஒரே ஆள், டப்பா, புரண்டு கிடக்கிற வண்டி. மணலில் உட்கார முடியாமல் எழுந்து நின்றுவிட்டேன். அத்தனை பேரும் ரீல், ரீல் என்று கத்தினார்கள். நான் ரீலைக் கேட்கவில்லை, மாமா. அது கடலில் போகட்டும், மனுஷன் வரட்டும் என்று நின்றேன்.

வந்தீர்கள். காலில் ரத்தம். தலையில் டப்பா. அத்தனை ஜனத்துக்கு நடுவில் நின்று என் கையைக் கேட்டீர்கள். எனக்கு அப்போது அழுகை வந்துவிட்டது. அழுதால் அண்ணன் பார்ப்பார். அந்த ஆபரேட்டர் உங்களைப் பிடித்து இழுத்தது பொறுக்கவில்லை. வாயைத் திறந்தேன், வந்தது டப்பாதான். வண்டியில் வரும்போதெல்லாம் அதை நினைத்து நினைத்து முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு சிரிப்பு வந்தது. மதகில் உங்கள்மேல் நான் வைத்த பழியில் பாதி அன்றைக்கே கழிந்துவிட்டது. மீதியை நேரில் வசூலித்துக்கொள்கிறேன்.

வீட்டு வாசலில் மாட்டை அவிழ்க்கும்போது அண்ணன், "செருப்பு கூட இல்லாத ஓடியாந்துகீறான், பைத்தியம்" என்றார். வண்டியை விற்கிற பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை.

சாதாரண பிஸ்டன் போதும். சீவின ஹெட்டுக்கு அடியில் தடித்த செம்புத் தகடு வைத்து அமுக்கத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மிச்சம் இருக்கிற காசுக்குச் சின்னப் பல்சக்கரம். புதுசு வேண்டாம், பழைய இரும்புக் கடையில் தேடினால் கிடைக்கும். அப்படித் தேடி மிச்சம் பிடிப்பதில் பிரேக் கட்டை. வரதன் கண்ணில் வெளிச்சம் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கட்டுப் போடுகிறவர் இன்னும் ஒரு வாரத்தில் அவிழ்க்கலாம் என்கிறார். வலி காலையில் இருக்கிறது, வெயில் ஏறினால் குறைகிறது. விரல்கள் மடங்குகின்றன. பாரமாக எதையும் தூக்கவோ, மடியில் இறுக்கிப் பிடிக்கவோ முடியாது. அதனால் இனிமேல் டப்பா என்னிடம் வேண்டாம். கேரியரில் மரப்பெட்டி அடித்து, உள்ளே பஞ்சு வைத்துத் தையுங்கள்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் உங்களுக்கும் எனக்கும் நடுவில் அந்த டப்பா உட்கார்ந்து வந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டதில் உங்களை ஒரு நாளும் பிடித்துக்கொண்டதில்லை. இப்போது ஒரு கைதான் இருக்கிறது. உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார அது போதும். வண்டி தயாரானதும் வாருங்கள், மெதுவாக ஓட்டிக்கொண்டு வாருங்கள், நான் மூட்டை கட்டி வைத்திருக்கிறேன்.

கண்ணகி